ஒரே சட்டிக் காளான் கறி, வீட்டில் எல்லோருக்கும் வாந்தி: எதைக் கவனிப்பது, எதை எடுத்துவைப்பது?

லயத்து_வாசகசாலை கேட்டது:

மழை இறங்கிவிட்டது. மஸ்கெலியா, நோர்வுட் பக்கத் தேயிலைத் தோட்டங்களில் வேலை விட்டு வருகிறவர்கள் மடியில் காளானோடு வரும் காலம். தோட்டத்துப் பலகையில் ஒட்ட ஒரு பக்க அறிவித்தல் தயாராகிறது. ‘தெரியாத காளானைச் சாப்பிடாதீர்கள்’ என்று எழுதினால் பிரயோசனம் இல்லை. தெரிந்த காளான் என்று நம்பித்தானே எல்லோரும் பறிக்கிறார்கள்? விஷயம் தெரிந்தவர்கள் இதற்குப் பதில் சொல்லுங்கள்.

2023 ஜூலை 29, ஆஸ்திரேலியாவில் வீட்டு மதிய விருந்தில் விஷக் காளான் சாப்பிட்டு மூன்று பேர் இறந்தார்கள். சாப்பிட்டது சனிக்கிழமை, இறந்தது அடுத்த வெள்ளியும் சனியும். விஷம் என்றால் உடனே அடிக்க வேண்டாமா? நடுவில் ஏன் இத்தனை நாள்?

இங்கே அப்படி ஒரு வீட்டில் நடந்தால் டிஸ்பென்சரியில் என்ன சொல்வது, கையோடு எதைக் கொண்டுபோவது? பறிக்கும்போதே கண்டுபிடிக்க ஏதாவது வழி உண்டா?

நைட்_டியூட்டி எழுதியது:

பெரிய எழுத்தில் ஒன்றுதான் போட இடம் என்றால் மணிக்கணக்கைப் போடுங்கள். எத்தனை மணிக்குச் சாப்பிட்டது, முதல் வாந்தியோ வயிற்றோட்டமோ எத்தனை மணிக்கு. இந்த இரண்டையும் சரியாகச் சொன்னால் டொக்டருக்குப் பாதி வேலை முடிந்தது.

சாப்பிட்டு அரை மணியிலிருந்து மூன்று மணிக்குள் வாந்தி தொடங்கினால் பெரும்பாலும் குடலைக் கிளறும் காளான். ஆளை உலுக்கி எடுக்கும், ஆனால் உடம்பில் நீர் வற்றாமல் பார்த்துக்கொண்டால் அநேகம் பேர் எழுந்துவிடுவார்கள். ஆறு மணித்தியாலம் கழிந்து தொடங்கினால் ஈரலைத் தின்னும் விஷம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். நீங்கள் சொன்ன விருந்திலும் மதியம் சாப்பிட்டவர்களுக்கு இரவில்தான் தொடங்கியது.

ஏன் இத்தனை தாமதம்? அந்தக் காளானில் இருப்பது அமானிட்டின். உயிரணு தனக்கு வேண்டிய புரதத்தைச் செய்ய டி.என்.ஏ.யிலிருந்து நகல் எடுக்கும். அந்த நகல் எடுக்கும் நொதியை இது பிடித்து நிறுத்திவிடும். உயிரணு அப்போதே சாகாது. கடையிலிருந்து மாவு வருவது நின்றாலும் வீட்டில் உள்ள மாவு தீரும்வரை ரொட்டி சுடலாம் இல்லையா, அந்தக் கணக்குத்தான். முதலில் குடலின் உட்தோல் உதிரும், பிறகு ஈரல்.

ஆறு முதல் பன்னிரண்டு மணித்தியாலத்தில், சிலருக்கு இருபத்துநாலு வரை போய், சோற்றுக்கஞ்சி போலக் கழிச்சல். ஒரு நாள் அப்படியே ஓடும். இரண்டாம் நாளோ மூன்றாம் நாளோ கழிச்சல் நின்று, ஆள் எழுந்து உட்கார்ந்து பிளேன்டீ கேட்பார். வீட்டில் எல்லோரும் சாமிக்கு நன்றி சொல்வார்கள். உள்ளே அப்போதுதான் ஈரல் விழுந்துகொண்டிருக்கும். மூன்று முதல் ஐந்தாம் நாளுக்குள் கண் மஞ்சளாகும், பேச்சு தடுமாறும், ஊசி குத்திய இடத்தில் ரத்தம் நிற்காது. ஆஸ்பத்திரியில் துண்டு வெட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விடுவது அந்த ‘நல்லாயிட்டாரு’ நாளில்தான். அதை விடக்கூடாது.

ஒரு விதிவிலக்கு. பறித்தது பலவகைக் கலவை என்றால் ஒரு வகை சீக்கிரமே வாந்தியைக் கிளப்பும், இன்னொரு வகை பின்னால் காத்திருக்கும். ‘இரண்டு மணியில் வாந்தி வந்துவிட்டது, இது லேசானது’ என்று கலவைக் கறிக்குச் சொல்ல முடியாது.

வீட்டிலும் டிஸ்பென்சரியிலும்: உப்புத்தண்ணீர் கொடுத்தோ விரலை விட்டோ வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ஜீவனி (வயிற்றோட்டத்துக்குக் கரைத்துக் குடிக்கும் உப்புத்தூள்) ஒரு பைக்கற்றை ஒரு லீற்றர் கொதித்தாறிய தண்ணீரில் கரைத்து மிடறு மிடறாகக் கொடுக்கலாம். கழிச்சலை நிறுத்தும் மாத்திரை வேண்டாம், விஷம் வெளியே போகும் வழியை அது அடைத்துவிடும். வயிற்றுவலிக்கு பனடோலும் வேண்டாம், ஈரலுக்கு அது இரண்டாவது அடி. 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழைத்து, காளான் சாப்பிட்டது என்பதை முதல் வாக்கியத்திலேயே சொல்லுங்கள்.

சாப்பிட்ட எல்லோரும் போக வேண்டும், வாந்தி எடுக்காதவரும். துண்டை ஒதுக்கிவிட்டுக் குழம்பை மட்டும் சோற்றில் விட்டுச் சாப்பிட்ட பிள்ளையும்தான். இந்த விஷம் தண்ணீரில் கரையும். உடல் நிறையில் ஒரு கிலோவுக்கு 0.1 மில்லிகிராம் உயிர் எடுக்கப் போதும். 50 கிலோ ஆளுக்கு 5 மில்லிகிராம், 15 கிலோ பிள்ளைக்கு 1.5. ஆஸ்திரேலியக் காளானில் நடுத்தர அளவான ஒன்றிலேயே 5 மில்லிகிராம் இருக்கக்கூடும்.

ஆஸ்பத்திரியில் பெரியவருக்கு விஷத்தை ஒட்டிப்பிடிக்கும் மருந்துக்கரி 50 கிராம், பிள்ளைகளுக்குக் கிலோவுக்கு ஒரு கிராம். நாலு மணிக்கொரு தரம் திரும்பவும் கொடுப்பார்கள், ஏனென்றால் இந்த விஷம் ஈரலிலிருந்து பித்தத்தோடு குடலுக்கு இறங்கி மறுபடியும் ஏறும். சேலைன் நிறையப் போகும். என்-அசிட்டைல்சிஸ்டீன் முதல் மணியில் கிலோவுக்கு 150 மில்லிகிராம், அடுத்த நாலு மணியில் 50, அதற்கடுத்த பதினாறு மணியில் 100. பனடோல் அளவுக்கு மீறி விழுங்கியவர்களுக்கு ஏற்றும் அதே மருந்து. பென்சிலின்-ஜி, சிலிபினின் ஊசிகளும் இந்த விஷத்துக்குப் பயன்படுத்தப்படுபவை. இவற்றைவிட முக்கியம், ஈரல் நொதி, ரத்தம் உறையும் நேரம், சீனி, சிறுநீரக அளவு எல்லாவற்றையும் பன்னிரண்டு மணிக்கொரு தரம் திரும்பத் திரும்பப் பார்ப்பது. முதல் ரிப்போர்ட் சுத்தமாகத்தான் இருக்கும். உறையும் நேரம் ஏறத் தொடங்கினால் ஈரல் மாற்றும் வசதி உள்ள இடத்தோடு அப்போதே பேச வேண்டும், ஐந்தாம் நாள் வரை வைத்திருந்துவிட்டு அல்ல. சிறிய ஆஸ்பத்திரி என்றால் டிக்கோயா, நுவரெலியா, பதுளை, கண்டி என்று மேலே அனுப்பச் சொல்லித் தயங்காமல் கேளுங்கள். கொழும்பு தேசிய வைத்தியசாலையில் உள்ள நச்சுத் தகவல் நிலையத்தை டொக்டர்மார் அழைத்துக் கேட்கலாம்.

புற்றுமேட்டு_மண் எழுதியது:

பறிக்கும் விஷயத்துக்கு வருவோம். தவறு நடக்கும் இடம் கைதான். காளானைக் காம்பில் பிடித்துச் சுண்டி எடுப்பார்கள், அடிப்பாகம் மண்ணிலேயே நின்றுவிடும். ஆளைக் காட்டிக்கொடுக்கும் அடையாளம் அந்த அடியில்தான் இருக்கிறது. கவ்வாத்துக் கத்தியோ கரண்டியோ எடுத்து, காம்பைச் சுற்றி நாலு விரல் தள்ளி, மண்ணோடு தோண்டி எடுங்கள்.

நல்ல புற்றுக்காளான் என்றால் காம்பு மண்ணுக்குள் வால்போல நீண்டு, சில நேரம் ஒரு முழத்துக்கும் மேலே, கறையான் கூடு வரை இறங்கும். குடையின் நடுவில் கூரான குமிழ். கொடிய வகையில் அடி உருண்டு, கிழிந்த முட்டை ஓடு போல ஒரு கிண்ணத்துக்குள் நிற்கும். காம்பின் மேற்பகுதியில் பாவாடை போல வளையம். குடைக்கு அடியில் வெள்ளை மடிப்பு. கிண்ணமும் வளையமும் சேர்ந்திருந்தால் அந்த இடத்திலேயே போட்டுவிட்டுக் கையைக் கழுவுங்கள். ஆனால் கிண்ணம் இருந்தால் மட்டுமே விஷம் என்று புரட்டிப் படிக்காதீர்கள். அமானிட்டின் உள்ள சின்னப் பழுப்புக் காளான்கள் இருக்கின்றன, உக்கிய மரத்தில் வருபவையும் புல்லில் வருபவையும். அவற்றுக்குக் கிண்ணமே கிடையாது. குடை பத்துச் சதக் காசு அளவு உள்ள பழுப்பு எதையும் கூடையில் போடக்கூடாது என்று சொல்வது என் கட்சி. சின்னப் புற்றுக்காளான் பிரியர்கள் கோபிக்கட்டும்.

முட்டை மாதிரி உருண்டையாக இருக்கும் குஞ்சுக் காளானை நெடுக்காக இரண்டாகப் பிளந்து பாருங்கள். உள்ளே முழுக்க ஒரே வெள்ளைச் சதையாக இல்லாமல் குடையும் காம்பும் கோடு போட்டதுபோலத் தெரிந்தால், அது விரியப்போகிற கொடியதாக இருக்கலாம். வைக்கோல் காளான் பழகிய ஆசியர்கள் வெளிநாட்டில் ஏமாறுவது இங்கேதான். 2011 டிசம்பர் 31 இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கன்பராவில் இரண்டு பேர் இறந்ததும் அதே குழப்பத்தால்தான். ஓக் மரத்தடியில் முளைக்கும் அந்த வகையை, மகனோடு மெல்பனில் இருக்கும் அம்மாமாருக்கு இங்கிருந்தே போன் போட்டுச் சொல்ல வேண்டும்.

இனி நம் ஊரில் அடிக்கடி வயிற்றைக் கலக்குவது: பள்ளிக்கூட மைதானம், கோவில் முற்றம், பங்களாப் புல்தரையில் வட்டமாக வரும் பெரிய வெள்ளைக் காளான். குடை ஒரு சாண் வரை விரியும், மேலே பழுப்புச் செதில், காம்பில் மேலும் கீழும் நகரும் வளையம். இளசில் மடிப்பு வெள்ளை, முற்றினால் பாசிப்பச்சை. இளசாகப் பறித்தால் பச்சை தெரியாது. அதற்கு வித்துத்தூள் பார்க்கும் முறை உண்டு. நன்றாக விரிந்த குடையின் காம்பை ஒட்ட வெட்டி, பாதி கறுப்பு பாதி வெள்ளைத் தாளின்மேல் மடிப்புப் பக்கம் கீழே இருக்க வைத்து, கிளாசால் மூடி ஓர் இரவு விடுங்கள். தூள் பச்சையாக விழுந்தால் இந்தக் கலக்கி. வெள்ளை என்றால் கொடியவற்றின் கூட்டமும் அதிலே வரும். துரு நிறமும் கூடாது. இளஞ்சிவப்பு என்றால் புற்றுக்காளானாக இருக்கலாம், அதுவும் ‘இருக்கலாம்’ மட்டுமே. இந்தச் சோதனை வேண்டாததைத் தள்ளத்தான் உதவும். தின்னலாம் என்று அத்தாட்சி தராது.

லயத்து_வாசகசாலை:

அண்ணே, வெள்ளிக்காசு, பூண்டு, மஞ்சள், நத்தை கடித்த தடம் என்று விஷக் காளானைக் கண்டுபிடிக்கப் பெரியவர்கள் நாலைந்து சோதனை சொல்கிறார்கள். எல்லாமே வீண்தானா?

இஸ்டோர்_மாடி:

வீண்தான். வெள்ளி கறுப்பது கந்தகத்தால், பூண்டு போட்ட கறியில் எந்த வெள்ளிக் கரண்டியும் மங்கும். அமானிட்டின் வெள்ளியைத் தொடவே தொடாது. நத்தையும் முயலும் இந்தக் காளானைத் தின்றுவிட்டு நடந்து போகும். கொதிக்க வைத்தாலும், காயப்போட்டாலும், ஃபிரிஜ்ஜில் உறையவைத்தாலும் விஷம் அப்படியே நிற்கும்.

ஒன்றைச் சேர்த்துக்கொள்ளுங்கள். தேயிலை மலைக்குள்ளே பறித்த காளான் நல்ல இனமாக இருந்தாலும், கொப்புள நோய்க்குச் செம்பு மருந்து அடித்த மலை, களைக்கொல்லி அடித்த கான் (வடிகால்) ஓரம் என்றால் வேண்டாம். காளான் பஞ்சு மாதிரி எதையும் உறிஞ்சும். மரக்கறித் தோட்டத்துப் பூச்சிமருந்து பட்டிருந்தால் வியர்வை, எச்சில், கண்ணீர் ஒழுகி, கண்மணி குண்டூசித் தலையளவு சுருங்கும். மஸ்கரின் உள்ள காளானும் இரண்டு மணிக்குள் அச்சாக அதையே செய்யும், மருந்தும் ஒன்றுதான், அற்றோபின். ஆகவே கண்மணி சுருங்கியிருக்கிறது என்பதையும், பக்கத்து மலைக்கு மருந்து அடித்த நாளையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கோடு_கச்சேரி எழுதியது:

மரணம் வரை போய்விட்டால் ‘காளான்தான்’ என்று ஊர் முடிவு கட்டிவிடும். சமைத்தவர் பெரும்பாலும் மருமகள், அவர் மேல்தான் விரல் நீளும். அதனால் தடயம் காப்பது அவருக்கும் பாதுகாப்பு.

ஐந்தாம் நாள் இறந்தவரின் இரைப்பையில் காளான் இருக்காது. சிதைந்த ஈரலை மட்டும் பார்த்து எந்த விஷம் என்று பெயர் சொல்லவும் முடியாது, பனடோலும் அதே பாகத்தைத்தான் அழிக்கும். விஷம் சிறுநீரில் முதல் சில நாள்தான் தெரியும். வார்டில் சேர்த்த அன்றே கொஞ்சம் சிறுநீரை எடுத்து உறையவைக்கச் சொல்லிக் கேட்பது தப்பில்லை. திடீர் மரண விசாரணை, சட்ட வைத்திய அதிகாரி, அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் என்று போகும்போது கையில் இருக்கும் மாதிரிதான் பேசும்.

சமையலில் வெட்டி எறிந்த அடித்துண்டும் தோலும் லயத்துப் பின்கானில் கிடக்கும். முதலில் அதைப் பொறுக்குங்கள். புற்றுமேட்டு_மண் சொன்ன கிண்ணம் சட்டியில் இருக்காது, அங்கேதான் இருக்கும். பச்சைக் காளானைக் கடதாசியில் சுற்றுங்கள். ஷொப்பிங் பேக்கில் போட்டால் வியர்த்து அழுகிவிடும். மிச்சக் கறியை மூடியுள்ள போத்தலில் தனியாக. சட்டியைக் கழுவாதீர்கள். பறித்த இடத்துக்கு ஒருவரை அனுப்பி மிச்சம் நிற்பதைத் தோண்டி எடுக்கச் சொல்லுங்கள், எந்த மரத்தடி, சபுக்கு மரமா பைன் மரமா என்பதையும் குறித்துக்கொள்ளட்டும். போனில் மூன்று படம்: மேலிருந்து, மடிப்புப் பக்கம், மண் தட்டாத அடி. அளவுக்குப் பக்கத்தில் ஒரு காசு.

லயத்து_வாசகசாலை:

எல்லோருக்கும் நன்றி. பலகையின் மேலே எழுதி நிரப்ப இரண்டு கோடு விட்டிருக்கிறேன். ‘சாப்பிட்ட நேரம்’, ‘முதல் வாந்தி நேரம்’.

நைட்_டியூட்டி:

மூன்றாவது ஒன்றும் விடுங்க தம்பி. ‘சாப்பிட்டவர்கள்: பெயர், வயசு, நிறை, எத்தனை கரண்டி.’ மிச்சத்தைப் பக்கத்து லயத்துக்குக் கிண்ணத்தில் கொடுத்தனுப்பியிருந்தால் அவர்களையும் அதிலேயே எழுதச் சொல்லுங்க.