கேபிளின் இரண்டு முனையும் சுவரில்: ராடியா பெர்ல்மனை நான் அறிந்த விதம்

நான் மொரீஷியஸில் ரோஸ் ஹில் பக்கம் நெட்வொர்க் வேலை பார்க்கிறவள். கேபிள் இழுப்பது, சுவிட்ச் (கம்ப்யூட்டர்களை ஒன்றோடொன்று இணைக்கிற பெட்டி) மாட்டுவது, ஏணி மேல் ஏறி கூரைக்குள் தலையை விட்டுத் தேடுவது, எல்லாம்தான். பதினோரு வருஷமாகியும், போகிற இடத்தில் வரவேற்பில் இருப்பவர் என் பின்னால் எட்டிப் பார்த்து, டெக்னீஷியன் வண்டியை நிறுத்திவிட்டு வருகிறாரா என்று கிரியோலில் கேட்பது நிற்கவில்லை. சரி, அது வேறு கதை.

காவடிக்கு முந்தைய விரத நாள். காலையில் சரியாகச் சாப்பிடக்கூட இல்லை, ஒரு ஆபீஸிலிருந்து போன். பிரிண்டர் இல்லை, இன்டர்நெட் இல்லை, மேஜை போனும் செத்துவிட்டது. போய்ப் பார்த்தால் அலமாரி மேலே இருக்கிற சுவிட்சில் எல்லா விளக்கும் ஒரே நேரத்தில் படபடவென்று அடித்துக்கொண்டிருக்கின்றன. சாதாரணமாக ஒவ்வொன்றும் தன் பாட்டுக்கு மினுக்கும். இப்படி எல்லாம் சேர்ந்து அடித்தால் எங்கோ சுற்று விழுந்திருக்கிறது என்று அர்த்தம். ஒவ்வொரு கேபிளாகப் பிடுங்கிப் பிடுங்கி, முக்கால் மணி நேரம் கழித்து மீட்டிங் அறையில் கண்டுபிடித்தேன். சாம்பல் நிறக் கேபிள் ஒன்று, அதன் இரண்டு முனையும் சுவரில் இருக்கிற இரண்டு சாக்கெட்டில். அறையைத் துடைக்க வந்த அம்மா, தரையில் கிடக்கிறதே என்று ஒழுங்காகச் செருகி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்.

இதில் என்ன கேடு என்றால், இன்டர்நெட்டில் தகவல் போகிற பொட்டலமான ஐபி பாக்கெட்டுக்கு ஆயுள் கணக்கு உண்டு, இத்தனை ரூட்டர் தாண்டினால் அது செத்துவிடும். கீழே, ஆபீஸுக்குள் கேபிளில் கம்ப்யூட்டர்களை இணைக்கிற ஈதர்நெட்டில் அப்படி ஒன்றும் கிடையாது. கோவில் சமையல்கட்டில் ஒருத்தி சொன்ன சேதி நாலு வாய் மாறி அவளிடமே புதுச் சேதியாக வந்து சேர, அவள் அதை மறுபடி நாலு பேரிடம் சொல்வாளே, அது மாதிரி சுற்றில் விழுந்த தகவல் பெருகிக்கொண்டே போய் வேறு எதற்கும் வழி விடாது. இது நடக்காமல் பார்த்துக்கொள்கிற ஏற்பாட்டுக்குத்தான் ஸ்பேனிங் ட்ரீ (எல்லாவற்றையும் சுற்றில்லாமல் இணைக்கிற மரம்) என்று பெயர். அந்த ஆபீஸில் இருந்தது மலிவு சுவிட்ச், அதில் அது இல்லை.

அன்றைக்கு இராத்திரி தூக்கம் வராமல், இதை யார்தான் கண்டுபிடித்தார்கள் என்று தேடப் போய்த்தான் ராடியா பெர்ல்மன் கிடைத்தார். 1951-இல் அமெரிக்காவில் வர்ஜீனியாவில் பிறந்தவர். எம்ஐடி என்கிற அமெரிக்கத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் கணிதம் படித்தவர், அவர் சேர்ந்த வகுப்பில் ஆயிரம் பேருக்கு ஐம்பது பேர் அளவுக்குத்தான் பெண்கள். படிக்கும்போதே மூன்றரை வயதுக் குழந்தைகளும் புரோகிராம் எழுதும்படி பெரிய பொத்தான்கள் வைத்து ஒரு கருவி செய்திருக்கிறார். 1980-இல் டிஜிட்டல் எக்விப்மென்ட் கம்பெனியில் சேர்ந்தார். அங்கே ஒரு வெள்ளிக்கிழமை மேலாளர் வந்து, ஈதர்நெட்களை இணைக்க ஒரு பெட்டி வேண்டும், கம்ப்யூட்டர்களில் எதையும் மாற்றக்கூடாது, சுற்று விழவும் கூடாது என்று சொல்லிவிட்டு ஒரு வாரம் லீவில் போய்விட்டாராம். அதோடு, நெட்வொர்க் எவ்வளவு வளர்ந்தாலும் பெட்டியின் நினைவகம் அதற்கேற்ப வளரக் கூடாது என்றும் ஒரு கண்டிஷன். அன்று இரவே இவருக்கு விடை கிடைத்துவிட்டது, அதுதான் ஸ்பேனிங் ட்ரீ. திங்கள், செவ்வாயில் எழுதி முடித்தார். மிச்ச நாட்களில் அதைப் பற்றி ஒரு கவிதை எழுதினார். 1985-இல் வெளியான கட்டுரையின் தொடக்கத்தில் அந்தக் கவிதைதான் இருக்கிறது.

ஆனால் எனக்கு மனதில் தைத்தது இதெல்லாம் இல்லை. சின்ன வயதில் எந்தப் பொருளையும் கழற்றிப் பார்த்ததே இல்லை என்று அவரே சொல்லியிருக்கிறார். பள்ளியில் படிக்கும்போது ஒரு ஆசிரியர் புரோகிராமிங் வகுப்புக்கு அழைத்துப் போனபோது, மற்றவர்கள் ஏழு வயதிலேயே ஹாம் ரேடியோ (பொழுதுபோக்காகத் தொலைவில் இருப்பவரோடு பேசுகிற வானொலி) கட்டியதைப் பேசினார்களாம். 'இன்புட்' என்ற சொல்லே இவருக்குப் பயமாக இருந்ததாம், அந்த வகுப்பில் ஒன்றும் ஏறவில்லையாம். எங்கள் வீட்டில் ரேடியோவைக் கழற்றியது தம்பி, நான் திட்டு வாங்காமல் பார்த்துக்கொண்டவள். அதனால் நான் அசல் டெக்னீஷியன் இல்லையோ என்று ஒரு உறுத்தல் ரொம்ப நாளாக இருந்தது. யாருக்காவது இப்படி ஏதாவது உண்டா?

*

தங்கச்சி, நான் தமிழ் வாத்தியார் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவன், கம்ப்யூட்டர் தெரியாது. கட்டுரைக்கு முன்னால் கவிதை என்றதும் நம் பழைய நூல்களின் பாயிரம் ஞாபகம் வந்து சந்தோஷப்பட்டேன். ஒரு சந்தேகம். மரம் என்றால் வேர் வேண்டுமே, அந்த வேரை யார் தேர்ந்தெடுக்கிறார்கள்?

*

ஐயா, நான் மதுரைக்காரன், இங்கே மொரீஷியஸில் எபேனில் நெட்வொர்க் வேலை. சுவிட்சுகளே தங்களுக்குள் தேர்தல் நடத்திக்கொள்ளும். யாருடைய எண் சிறியதோ அவர் தலைவர். மற்றவர்கள் தலைவரிடம் போகக் குறைந்த செலவில் ஒரு வழியை வைத்துக்கொண்டு சுற்று உண்டாக்குகிற வழிகளை அடைத்துவிடுவார்கள், அந்த வழி அறுந்தால் அடைத்ததைத் திறப்பார்கள். தொல்லை எங்கே என்றால், எல்லா சுவிட்சும் பெட்டியிலிருந்து வரும்போதே 32768 என்ற ஒரே எண்ணோடு வரும். அப்புறம் மேக் முகவரி (ஒவ்வொரு கருவிக்கும் தயாரிக்கும்போதே கொடுக்கிற தனி எண்) சிறியது யாருக்கோ அவருக்குத்தான் பதவி, அது பெரும்பாலும் கிழட்டு சுவிட்சாக இருக்கும். நான் முன்பு இருந்த இடத்தில் ஒருவர் மேஜைக்கடியில் தூசி படிந்து கிடந்த பழைய பெட்டிதான் கட்டிடம் முழுவதற்கும் தலைவர் என்பது, அதை ஒருநாள் அணைத்த பிறகுதான் தெரிந்தது. ஐம்பது விநாடி எல்லாம் நின்றுவிட்டது. 2001-இல் வந்த வேகமான வடிவத்தில் இந்தக் காத்திருப்பு குறைந்துவிட்டது.

*

எங்கள் சங்கத்துத் தலைவரையும் அப்படித்தான் தேர்ந்தெடுத்தோம், தம்பி.

*

ஐயா, சிரித்துவிட்டேன்.

அண்ணன் சொன்னதோடு ஒன்று. தான் செய்தது அவசரத்துக்குப் போட்ட ஒட்டுத்தான் என்று பெர்ல்மனே சொல்கிறவர். அதே வேலையை இன்னும் நல்லபடியாகச் செய்ய ட்ரில் என்று பிற்பாடு வேறொரு ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். பிஎச்டி வாங்கியது 1988-இல், ஸ்பேனிங் ட்ரீ வந்த பிறகு. நூற்றுக்கு மேல் காப்புரிமை. 'இன்டர்நெட்டின் தாய்' என்று அழைத்தால் அவருக்குப் பிடிக்காது, எனக்கும் அது பிடிக்கவில்லை. கேபிள் செருகியவளைத் திட்டாமல், யார் எப்படிச் செருகினாலும் தாங்குகிற மாதிரி செய்தவர், அதைச் சொன்னால் போதாதா?

அந்த ஆபீஸுக்கு மறுவாரம் புது சுவிட்ச் மாட்டப் போனேன். அந்த அம்மா வாளியோடு வாசலிலேயே நின்றார், உள்ளே வரவில்லை, யாரோ நன்றாகக் கடிந்திருக்கிறார்கள். மாட்டி முடித்ததும் அவரைக் கூப்பிட்டு அதே சாம்பல் கேபிளைக் கையில் கொடுத்து, போன வாரம் மாதிரியே இரண்டு முனையையும் செருகுங்கள் என்றேன். வேண்டாம் வேண்டாம் என்றார். நான் விடவில்லை. செருகினார். ஓடிப்போய் சுவிட்சைப் பார்த்தோம். ஒரு விளக்கு மட்டும் ஆரஞ்சுக்கு மாறி அப்படியே நின்றது, மற்றவை தன் பாட்டுக்கு மினுக்கிக்கொண்டிருந்தன. வரவேற்பில் போன் அடித்தது.