நீதிபதி ஐசக் பார்க்கர்: மேல்முறையீடே இல்லாத தூக்குத் தண்டனையா?

கேள்வி: பார்க்கர் 1875 முதல் அமெரிக்காவில் ஆர்கன்சா மாநிலத்தின் ஃபோர்ட் ஸ்மித்தில் வெறும் மாவட்ட நீதிபதிதானே? அவர் விதித்த மரண தண்டனைக்கு மேல்முறையீடு ஏன் இல்லை?

பதில் 1: அந்த நீதிமன்றத்துக்கு, மாவட்ட நீதிமன்றத்துக்கு மேலே இருந்த சர்க்யூட் கோர்ட்டின் அதிகாரமும் உண்டு. பக்கத்து இந்தியன் டெரிட்டரி (அமெரிக்கப் பழங்குடியினருக்கு ஒதுக்கிய பகுதி, இன்றைய ஓக்லஹோமா) கொலை வழக்குகள் அங்கேதான் வரும். இரு தரப்பும் பழங்குடியினர் என்றால் மட்டும் பழங்குடி நீதிமன்றம். 1889 வரை ஜனாதிபதியின் கருணை ஒன்றே வழி. அவர் பதவிக்காலம் முழுவதும் மொத்தம் 160 பேருக்கு மரண தண்டனை, 79 பேர் தூக்கில்.

பதில் 2: மரண தண்டனைக்கு மேல்முறையீடு தந்த 1889 சட்டத்துக்குப் பிறகு உச்ச நீதிமன்றம் பல தீர்ப்புகளை ரத்து செய்தது. சிக்கல் பெரும்பாலும் ஜூரிக்கு அவர் தந்த நீண்ட, ஒருதலையான விளக்கத்தில். தன் வீட்டு வளாகத்தில் தாக்கப்பட்டவர் பின்வாங்கியே ஆக வேண்டும் என்றார். பியர்ட் வழக்கில் (1895) அது அடிபட்டது. தப்பி ஓடியதைக் குற்றத்துக்குச் சான்றாக அழுத்திச் சொன்னதும் 1896இல் செல்லவில்லை.

பதில் 3: ‘தூக்கு நீதிபதி’ பட்டம் கொஞ்சம் அநியாயம். கொலை நிரூபணமானால் அன்றைய மத்திய சட்டத்தில் மரண தண்டனை கட்டாயம். ஜூரி அதைத் தவிர்க்கலாம் என்ற சட்டம் 1897இல்தான் வந்தது. பார்க்கர் இறந்தது 1896 நவம்பரில்.