தொழுவிலிருந்து காற்றலைக்கு: சிவகங்கை மாவட்டத்து உள்ளூர் வானொலி வர்ணனை, பல ஊர்க்காரர்களின் அனுபவப் பகிர்வு

சிங்கம்புணரியிலிருந்து

முப்பது வருஷம் மைக் செட் மேடையில் நின்று மஞ்சுவிரட்டுக்கு வர்ணனை சொன்னவரை வானொலிக்குக் கூட்டி வந்தால், முதல் அரை மணி நேரம் சறுக்கும். குரலில் குறை இருக்காது. பழக்கம்தான் காரணம். திடலில் நிற்பவர்கள் மாட்டைப் பார்த்துக்கொண்டே கேட்கிறவர்கள். அவர்களுக்கு "வந்துருச்சு, பாருங்க, பாருங்க" என்றாலே போதும். வானொலி கேட்பவர் அடுப்படியிலோ கடையில் தராசுக்குப் பக்கத்திலோ இருக்கிறார். என்ன வந்தது, எந்தப் பக்கம் திரும்பியது என்று வாயால் சொன்னால்தான் அவருக்கு மாடு உண்டு.

அனுபவசாலிகள் இதற்கு ஒரு வரிசையை மனத்தில் கட்டி வைத்திருக்கிறார்கள். முதலில் ஊர், அடுத்து மாட்டுக்காரர் பெயர், பிறகு நிறம் (காரி, மயிலை, செவலை, மறை), கொம்பின் வாகு, வாசலை விட்டு வந்ததும் நின்றதா பாய்ந்ததா, இடமா வலமா, யார் கை திமிலில் விழுந்தது, கடைசியில் பிடிபட்டதா போனதா. பத்து வினாடிக்குள் முடியும். பரிசு விவரம் மாடு போன பிறகுதான். மேடைக்காரர்கள் அண்டாவையும் சைக்கிளையும் முதலில் சொல்லிவிடுவார்கள். அதற்குள் மாடு வயலுக்குப் போயிருக்கும்.

சிராவயலில் தை 3-ம் நாள் நடப்பதை வர்ணிக்கப் போகிறவர், தொழுவை (மாடுகளை அவிழ்த்து விடும் அடைப்பை) மட்டும் நம்பி உட்காரக் கூடாது. கோயில் மாடுகளுக்கு வேட்டி துண்டு கட்டி மரியாதை செய்து அவிழ்ப்பது ஒரு பக்கம். வெளியே பொட்டலில் கட்டுமாடுகளை அவிழ்த்து விடுவது இன்னொரு பக்கம். இரண்டுக்கும் ஒரே ஆள் கண் வைக்க முடியாது. தொழுவுக்கு ஒருவர், பொட்டலுக்கு ஒருவர் வேண்டும். மாசி மகத்தன்று அரளிப்பாறையில் நிலைமை வேறு. சனம் பாறை மேலேறி நின்று பார்க்கும் இடம் அது. வர்ணனையாளரும் மேலேயே உட்காரலாம், முழுத் திடலும் தெரியும். ஆனால் மாட்டுக்காரர் பெயர் மேலே கேட்காது. கீழே ஒரு பையன் நின்று செல்லில் பெயர் சொல்லிக்கொண்டே இருக்க வேண்டும்.

இன்னொன்று. மேடையில் பெயரோடு சாதிப் பட்டத்தையும் சேர்த்துச் சொல்வது வழக்கமாக இருக்கலாம். வானொலியில் ஊர்ப் பெயரும் ஆள் பெயரும் போதும். நல்ல மூத்தவர்கள் இதில் கண்டிப்பானவர்கள். யாருக்காவது குத்துப்பட்டால் பெயரையும் காயத்தின் அளவையும் சொல்லக் கூடாது என்பதும் அப்படித்தான். "ஒருவரை மருத்துவக் குழு கவனிக்கிறது" என்பதற்கு மேல் ஒரு சொல் வேண்டாம். வீட்டில் இருக்கிறவர்கள் அதை வானொலியில் கேட்டுத் தெரிந்துகொள்ளக் கூடாது.

தேவகோட்டையிலிருந்து

மாட்டு வண்டிப் பந்தயம் மஞ்சுவிரட்டை விடக் கடினம். திடல் ஓரிடத்தில் இல்லை, சாலை முழுவதும் திடல். பெரிய மாடு என்றால் போக வர 8 மைல் வரை வைக்கிறார்கள். நடு மாடு, சின்ன மாடு, கரிச்சான், பூஞ்சிட்டு என்று இறங்க இறங்க தூரம் குறையும்.

முன்னால் ஓடும் ஜீப்பில் செல்லோடு உட்கார்ந்து சொல்வது பார்க்க அழகாக இருக்கும். வானொலிக்கு உதவாது. கண்மாய்க்கரை தாண்டியதும் சிக்னல் போகும், காற்று மைக்கில் அடிக்கும், பின்னால் வரும் வண்டிகளில் முதல் இரண்டுதான் கண்ணில் படும். புறப்படும் இடம், பாதி வழி, திருப்பம் என்று மூன்று இடத்தில் ஆள் நிறுத்துவதே நிலைத்து நிற்கும் முறை. நிலையத்தில் இருப்பவர் மூவரையும் மாற்றி மாற்றி எடுப்பார்.

1927 ஜனவரியில் இங்கிலாந்தின் ட்விக்கன்ஹாமில் பிபிசி முதன்முதலாக ரக்பி ஆட்டத்தை நேரடியாக வர்ணித்தபோது, மைதானத்தைக் கட்டங்களாகப் பிரித்து எண் போட்ட படத்தைத் தன் பத்திரிகையில் அச்சிட்டது. டெடி வேக்லம் ஆட்டத்தைச் சொல்ல, பக்கத்தில் இன்னொருவர் பந்து எந்தக் கட்டத்தில் இருக்கிறது என்று எண்ணைச் சொன்னார். நம் சாலைக்கு எண் தேவையில்லை. ஊருணி, ஐயனார் கோயில் வளைவு, மடை, ஒற்றைப் பனை, ரேஷன் கடை என்று ஏழெட்டு அடையாளங்களை முந்தின வாரமே நிகழ்ச்சியில் சொல்லிப் பழக்கிவிட வேண்டும். பந்தயத்தன்று "மடை தாண்டி மூணு வண்டி, ஒரே இழையில" என்றால் கேட்பவருக்கு முழுச் சாலையும் தெரியும்.

வண்டியை எண்ணால் மட்டும் சொன்னால் யார் மனத்திலும் நிற்காது. இடது மாட்டின் நிறம், வலது மாட்டின் நிறம், சாரதியின் தலைத்துண்டு, இந்த மூன்றையும் புறப்படும் முன்பே ஒரு அட்டையில் எழுதிக்கொள்ள வேண்டும். இரண்டு வண்டியில் ஒரே நிற ஜோடி இருந்தால்தான் குழப்பம் வரும். அப்போது தலைத்துண்டு காப்பாற்றும். துணைச்சாரதி எங்கே குதித்தார், எவ்வளவு தூரம் கூட ஓடினார், மறுபடி ஏறினாரா என்பதை விடவே கூடாது. பந்தயம் அங்கேதான் மாறும்.

காரைக்குடியிலிருந்து

கருவி பற்றிச் சொல்கிறேன். சமுதாய வானொலிக்கு விதிப்படி பயன் கதிர்வீச்சுத் திறன் (ஆன்டெனாவிலிருந்து வெளியே போகும் அலையின் வலு) வழக்கமாக அதிகபட்சம் 100 வாட், ஆன்டெனா உயரம் தரையிலிருந்து அதிகபட்சம் 30 மீட்டர். இதை வைத்துக்கொண்டு சுற்றிலும் சுமார் 10 கிலோமீட்டர் தொலைவு வரை தெளிவாகக் கேட்கும். காரைக்குடியில் நட்ட கோபுரம் சிங்கம்புணரிக்கு எட்டாது. அங்கே நடப்பதை இங்கே கொண்டுவரலாம், இங்கிருந்து அங்கே கேட்கவைக்க முடியாது. விளம்பரதாரரிடம் இதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பலரும் தடுக்கி விழும் இடம் மைக் செட்காரரிடமிருந்து ஒலி எடுப்பது. அவருடைய மிக்சரிலிருந்து நேராக வயர் இழுத்தால் "ஊம்" என்ற இரைச்சல் சேர்ந்து வரும். இரண்டு பக்கமும் தனித்தனியாக எர்த் ஆகியிருப்பதால் வருவது அது. நடுவில் ஒன்றுக்கொன்று விகிதத்தில் ஒரு ஐசோலேஷன் டிரான்ஸ்ஃபார்மர் (இரண்டு பக்கத்தையும் வயரால் சேர்க்காமல் ஒலியை மட்டும் கடத்துவது) போட்டால் போய்விடும். எர்த் வயரைப் பிடுங்கிவிட்டுச் சரிசெய்வதாகச் சிலர் சொல்வார்கள். ஜெனரேட்டர் ஓடும் திடலில் அது ஆளைக் கொல்லும், செய்யவே கூடாது. மைக் செட் ஒலியில் "வெள்ளை நிற கார் வைத்திருப்பவர் உடனே எடுக்கவும்" என்ற அறிவிப்பும் சேர்ந்தே வரும். ஆகவே வர்ணனையாளருக்குத் தனி மைக் கொடுப்பதே நல்லது.

அந்த மைக் சாதாரண டைனமிக் கார்டியாய்டு (முன்பக்க ஒலியை அதிகம் வாங்கும் வகை) போதும். வாயிலிருந்து நாலு விரற்கடை. மைக்கின் பின்புறம் குழாய் ஒலிபெருக்கியைப் பார்த்து இருக்கட்டும், அந்தப் பக்கத்து ஒலியை அது குறைவாகவே வாங்கும். 100 ஹெர்ட்ஸுக்குக் கீழான ஒலியை வெட்டிவிட்டால் தவிலின் அதிர்வும் காற்றின் அடியும் குறையும். கூட்டத்தின் ஆரவாரத்துக்கு இரண்டாவது மைக்கை உயரத்தில் கட்டி, வர்ணனைக்குப் 10 முதல் 15 டெசிபெல் கீழே வைக்க வேண்டும். ஆரவாரமே இல்லாவிட்டால் வர்ணனை செத்துப்போகும், மிஞ்சினால் சொல் புரியாது.

சீழ்க்கை பெரிய எதிரி. இந்தியாவில் எஃப்எம் ஒலிபரப்பு 50 மைக்ரோ வினாடி ப்ரீ-எம்ஃபசிஸோடு போகிறது. மேல் ஸ்தாயி ஒலிகளைத் தூக்கி அனுப்பும் முறை இது. திடலில் ஒருவர் விரலை வைத்து ஊதினால் அனுமதித்த 75 கிலோஹெர்ட்ஸ் அலைவெண் விலக்கத்தைத் தாண்டி, வானொலிப் பெட்டியில் கிழிந்த ஒலியாகக் கேட்கும். லிமிட்டர் (ஒலி எல்லை தாண்டாமல் அமுக்கும் கருவி) போட்டால் கிழியாது. ஆனால் ஒவ்வொரு சீழ்க்கைக்கும் வர்ணனையாளர் குரலும் சேர்ந்து அமுங்கும். ஆரவார மைக்கில் மட்டும் மேல் ஒலியைக் குறைத்துக்கொண்டால் இரண்டும் தீரும்.

இணைப்புக்கு: கூட்டம் சேர்ந்ததும் முதலில் சாவது இண்டர்நெட். சாதாரண அழைப்பு அதைவிடத் தாக்குப்பிடிக்கும். வெவ்வேறு கம்பெனியின் இரண்டு சிம் கார்டு வைத்திருங்கள். திடலில் ஒரு ரெக்கார்டரும் ஓடிக்கொண்டே இருக்கட்டும். இணைப்பு அறுந்தால் நிரப்ப, பேச்சே இல்லாத மூன்று நிமிட நாதஸ்வரம் நிலையத்தில் தயாராக இருக்க வேண்டும். பாட்டுப் போட்டால் பாதியில் வெட்ட மனசு வராது.

கல்லலிலிருந்து

கபடிக்கும் ஒரு குறிப்பு. ஒரு ரெய்டு (ஒருவர் பாடிக்கொண்டு எதிரணிப் பக்கம் போய்வருவது) 30 வினாடி. அதற்குள் பெயர், ஸ்கோர், நடப்பது, முடிவு எல்லாம் வர வேண்டும். பாடிக்கொண்டு கோட்டைத் தாண்டும்போதே பெயரும் ஸ்கோரும் முடிந்துவிட வேண்டும். பிறகு கால் எங்கே என்பது மட்டும்தான்: பாக் கோடு (ரெய்டு போனவர் கட்டாயம் தாண்ட வேண்டிய கோடு) தொட்டாச்சா, போனஸ் கோட்டுக்குப் போகிறாரா, எந்த மூலையில் சங்கிலி கட்டுகிறார்கள்.

திடலில் எத்தனை பேர் நிற்கிறார்கள் என்ற கணக்கு தவறினால் வர்ணனை முழுவதும் தவறும். எதிரே ஆறு பேராவது இருந்தால்தான் போனஸ் புள்ளி. மூன்று பேரோ அதற்குக் குறைவோ இருக்கும்போது பிடித்தால் சூப்பர் டாக்கிள், கூடுதல் புள்ளி. மேசையில் பக்கத்துக்கு ஏழு புளியங்கொட்டை வைத்து, ஆள் வெளியே போனால் தள்ளி, திரும்ப வந்தால் சேர்த்துக்கொள்வது மூத்தவர்கள் சிலரிடம் உள்ள கைவழக்கம். எழுதிக் கணக்கு வைப்பதைவிட வேகமானது, கண்ணைத் திடலிலிருந்து எடுக்கவே வேண்டியதில்லை.

ஸ்கோரைத் திரும்பத் திரும்பச் சொல்ல மறப்பது எல்லோருக்கும் உள்ள நோய். அமெரிக்க பேஸ்பால் வர்ணனையாளர் ரெட் பார்பர் இதற்காகவே மூன்று நிமிட மணற்கடிகாரத்தை மேசையில் வைத்திருந்தார். மணல் தீர்ந்தால் ஸ்கோர் சொல்லிவிட்டுத் திருப்பி வைப்பார். இப்போதுதான் பெட்டியைப் போட்டவருக்கு அது முதல் ஸ்கோர். மூன்று நிமிடம் என்பது கபடிக்கு அதிகம். ஒவ்வொரு ரெய்டு முடிவிலும் சொன்னால் தப்பில்லை.

திருப்பத்தூரிலிருந்து

ஆட்டம் முடிந்த மறுநாள் நடக்கும் பேச்சு நிகழ்ச்சிதான் சிறிய நிலையத்தின் உயிர் என்பது என் எண்ணம். வர்ணனையை ஊர் கேட்கும், பேச்சு நிகழ்ச்சியில் ஊரே பேசும்.

அழைப்பு எடுப்பதில் அடிப்படை ஒன்று: அழைப்பவருக்குத் திரும்பிப் போகும் ஒலியில் அவருடைய குரல் இருக்கவே கூடாது. மிக்சரில் ஆக்ஸ் (துணை வெளியீடு) வழியாகத் தனியாக ஒரு கலவை எடுத்து அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் தன் குரலே எதிரொலித்து, பேசுகிறவர் நடுவில் திணறி நின்றுவிடுவார். அடுத்து, வானொலிப் பெட்டியின் சத்தத்தைக் குறைக்கச் சொல்வது, ஸ்பீக்கர்போனை அணைக்கச் சொல்வது. இரண்டையும் ஒலிபரப்பில் சேர்க்கும் முன்பே, அழைப்பை எடுக்கும் ஆள் சொல்லி முடித்திருக்க வேண்டும். ஊர், பெயர், என்ன கேட்கப் போகிறார் என்று ஒரு வரி. அந்தச் சீட்டு நடத்துநர் கைக்குப் போன பிறகே குரல் காற்றில் போகலாம்.

அழைப்பவரை எப்படிக் கூப்பிடுவது என்பதும் வேலையில் ஒரு பகுதி. இந்தப் பக்கத்தில் ஒருவருக்கு ஆச்சி, இன்னொருவருக்கு அக்கா. குரலை வைத்து வயசை ஊகித்துத் தவறாகச் சொன்னால் அந்த வீட்டில் பெட்டியை அணைத்துவிடுவார்கள். பெரியவர்களுக்கு "அய்யா", "அம்மா" எங்கும் பொருந்தும்.

ஆபத்து எங்கே வரும் என்றால், வண்டிப் பந்தயத்தில் தொடங்கி முதல் மரியாதை எந்த ஊருக்கு என்பதில் முடியும். கைதேர்ந்த நடத்துநர் வாதத்துக்குப் போகமாட்டார். "அதை நாட்டார் கூடிப் பேசிக்கொள்ளட்டும் அய்யா, நமக்குத் திருப்பத்தில் நடந்ததைச் சொல்லுங்கள்" என்று ஆளை மறுபடி சாலைக்குக் கொண்டுவந்துவிடுவார். தாமதக் கருவி (நேரலையைச் சில வினாடி பிந்தி அனுப்புவது) வாங்க வசதியில்லாத நிலையம், அழைப்புகளை ஒரு மணி நேரம் முன்னால் எடுத்துப் பதிவு செய்து, கேட்டுப் பார்த்துப் போடுவதே நல்லது. நேரலை என்று பொய் சொல்லாமல் இருந்தால் போதும்.

கானாடுகாத்தானிலிருந்து

பழைய சாரதிகளையும் வர்ணனையாளர்களையும் அவரவர் வீட்டுக்கே போய்ப் பதிவு செய்கிறவர்களுக்கு: செட்டிநாட்டு வீட்டின் வளவும் (முற்றத்தைச் சுற்றிய பகுதி) பட்டாலையும் (கூடம்) கண்ணுக்குத்தான் நல்லவை. ஆத்தங்குடிக் கல் தரை, மெருகேற்றிய சுண்ணாம்புச் சுவர், உயர்ந்த கூரை எல்லாம் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அடிக்கும். ஒருவர் பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து பேசுவது மாதிரி பதியும், பிறகு கணினியில் அதை முழுவதும் எடுப்பது கடினம். மெத்தையும் துணியும் அடுக்கியுள்ள சிறிய அறை உத்தமம். அது இல்லையென்றால் திண்ணை. தெருச் சத்தம் வரும், ஆனால் எதிரொலி வராது. எதிரொலியைவிடத் தெருச் சத்தமே மேல். ஜமக்காளத்தை மடித்து மேசையில் போட்டு அதன் மேல் மைக் வைத்தால் தட்டும் ஒலி குறையும். மின்விசிறியை அணைக்க வேண்டும், ஆகவே காலை எட்டு மணிக்கு முன்னால் போவது பெரியவர்களுக்கும் நல்லது.

"எந்த வருஷம்?" என்று கேட்டால் பெரும்பாலும் தவறான பதில் வரும். நிகழ்ச்சியை வைத்துக் கேட்டால் சரியாக வரும்: தடைக்கு முன்னாடியா பின்னாடியா? ஜல்லிக்கட்டுக்கும் மாட்டு வண்டிப் பந்தயத்துக்கும் உச்ச நீதிமன்றத் தடை 2014 மே மாதம், தமிழ்நாட்டுச் சட்டத் திருத்தம் 2017, அதை அரசியல் சாசன அமர்வு உறுதி செய்தது 2023 மே. கஜா புயல் 2018 நவம்பர். இந்த நாலு முளையும் போதும், நடுவில் உள்ள எல்லாப் பந்தயத்தையும் கட்டிவிடலாம். அதற்கும் பழைய கதை என்றால் மாட்டின் பெயரையோ அதை வாங்கிய சந்தையையோ கேளுங்கள், வருஷம் தானாக வரும்.

மூத்த வர்ணனையாளரிடம் "உங்கள் சாதனை என்ன" என்று கேட்காதீர்கள், பேச்சு நின்றுவிடும். "இந்த மடையில ரெண்டு வண்டி முட்டுனா எப்படிச் சொல்லுவீங்க?" என்று கேளுங்கள். உடனே குரல் எழும்பும். மைக்கின் அளவை முன்கூட்டியே 6 டெசிபெல் குறைத்து வைத்திருக்க வேண்டும், இல்லாவிட்டால் அந்த ஒரு நிமிடம்தான் கிழிந்து பதியும்.

காரைக்குடியிலிருந்து மறுபடி

கானாடுகாத்தான் அண்ணன் சொன்ன பதிவுகளைப் பற்றி ஒன்று சேர்க்கிறேன். ஒலிபரப்பியதை மூன்று மாதம் வைத்திருக்க வேண்டும் என்பது உரிம விதி. பல இடங்களில் தொண்ணூற்றொன்றாம் நாள் அழித்துவிடுகிறார்கள். அழிக்காதீர்கள். மோனோ, 128 கிலோபிட் எம்பி3 என்றால் ஒரு மணி நேரம் 60 எம்பிக்கும் குறைவு. ஊர், விளையாட்டு, தேதி, பேசியவர் என்ற வரிசையில் கோப்புக்குப் பெயர் வைத்து, இரண்டு ஹார்ட் டிஸ்க்கில், இரண்டு வெவ்வேறு கட்டடத்தில் வையுங்கள். வெட்டாத மூலப் பதிவை வேவ் (சுருக்காத ஒலிக் கோப்பு) வடிவத்தில் தனியாக வையுங்கள். பேசியவரிடம் ஒப்புதல் கையெழுத்தைப் பதிவு தொடங்கும் முன்பே வாங்கி, அந்தத் தாளைப் படம் எடுத்து அதே கோப்புறையில் போட்டுவிடுங்கள்.