மறு: 'புல் ரேஷியோ'வுக்குத் தமிழில் என்ன சொல்லலாம்?

எல்லோருக்கும் வணக்கம்.

சைக்கிள் கலைச்சொல் பட்டியலுக்கான இந்த இழையை முழுக்கப் படித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். சரளைக்கல் பாதையில் ஓட்டும் கிராவல் பைக்குக்கு 'சரளை சைக்கிள்' என்ற பெயரில் யாருக்கும் தகராறு இல்லை, அதை முடிந்ததாக வைத்துக்கொள்வோம். செயினை ஒரு பல்சக்கரத்திலிருந்து அடுத்ததற்குத் தள்ளும் டீரெய்லருக்கு என்ன பெயர் என்பதைத் தனி இழையில் பேசலாம். அதுவரை நான் டீரெய்லர் என்றே எழுதுகிறேன். இப்போதைய சிக்கல் புல் ரேஷியோ மட்டும்தான், அதாவது கியர் ஒயர் இழுபடும் நீளத்துக்கும் டீரெய்லர் நகரும் தூரத்துக்கும் உள்ள விகிதம்.

> 'இழுப்பு விகிதம்' என்றே வைத்துவிடலாமே. சுலபமாக இருக்கிறது, பார்த்ததும் புரிகிறது.

பார்த்ததும் புரிகிறது, ஆனால் தப்பாகப் புரிகிறது. இழுப்பு என்றால் ஊரில் மூச்சிரைப்பு நோய் என்பதை விட்டுவிடுகிறேன், அது சும்மா வேடிக்கைக்கு. என் தயக்கம் வேறு. கியர் ஒயரை இழுப்பது டீரெய்லர் இல்லை, ஹேண்டில்பாரில் இருந்து கியர் மாற்றும் ஷிப்டர். டீரெய்லர் இழுபடுகிறது, இழுபட்டதற்கு ஏற்பப் பக்கவாட்டில் நகர்கிறது. ஒரு மி.மீ. ஒயர் இழுபட்டால் எத்தனை மி.மீ. நகரும் என்பதுதான் நாம் பெயர் தேடும் அளவு. அது டீரெய்லரின் குணம். 'இழுப்பு விகிதம்' என்று பெயர் வைத்தால் படிப்பவர் அதை ஷிப்டரின் குணமாக எடுத்துக்கொள்வார். ஆங்கில வலைத்தளங்களிலும் இந்தக் குழப்பம் இருக்கிறது. ஷிப்டர் இழுக்கும் நீளத்தையும் டீரெய்லரின் விகிதத்தையும் ஒரே பெயரில் எழுதிவிட்டு, கீழே பின்னூட்டத்தில் சண்டை போடுவார்கள். அந்தக் குழப்பத்தை நாமும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை.

எனவே ஒரு சொல் போதாது, மூன்று வேண்டும். ஷிப்டருக்கு ஒன்று, டீரெய்லருக்கு ஒன்று, பின்சக்கரத்துப் பல்சக்கர அடுக்கான கேசட்டுக்கு ஒன்று. என் முன்மொழிவு:

சொடுக்கு இழுப்பு: ஷிப்டரை ஒரு முறை சொடுக்கினால் எத்தனை மி.மீ. ஒயர் இழுபடுகிறது என்பது.

நகர்வு விகிதம்: இழுபட்ட ஒவ்வொரு மி.மீ. ஒயருக்கும் டீரெய்லர் எவ்வளவு நகர்கிறது என்பது.

அடுக்கு இடைவெளி: கேசட்டில் ஒரு பல்சக்கரத்தின் நடுவிலிருந்து அடுத்ததன் நடு வரை உள்ள தூரம்.

சொல் சரியா என்று பார்க்க அதைக் கணக்கில் போட்டுப் பார்ப்பது என் வழக்கம். முதல் இரண்டையும் பெருக்கினால் மூன்றாவது வர வேண்டும், அவ்வளவுதான். உதிரிகள் தயாரிக்கும் ஷிமானோவின் பழைய 10 ஸ்பீடு (பின்னால் பத்துப் பல்சக்கரம்) ரோடு சைக்கிள் ஷிப்டரின் சொடுக்கு இழுப்பு சுமார் 2.3 மி.மீ. அதோடு வரும் டீரெய்லரின் நகர்வு விகிதம் 1.7. பெருக்கினால் 3.91. 10 ஸ்பீடு கேசட்டின் அடுக்கு இடைவெளி 3.95 மி.மீ. ஏறக்குறைய ஒத்துப்போகிறது, கியர் சத்தமில்லாமல் விழுகிறது.

இப்போது அதே ஷிப்டரோடு ஷிமானோவின் 10 ஸ்பீடு மலை சைக்கிள் டீரெய்லரைப் பூட்டுங்கள். நகர்வு விகிதம் 1.2 ஆகிவிடும். 2.3ஐ 1.2ஆல் பெருக்கினால் 2.76 தான். ஒவ்வொரு சொடுக்குக்கும் ஒரு மி.மீ.க்கு மேல் குறை. மூன்று சொடுக்குக்குள் கிட்டத்தட்ட ஒரு பல்சக்கரமே தவறிவிடும். அட்ஜஸ்டர் திருகை எவ்வளவு திருகினாலும் இது சரியாகாது. இரண்டிலும் 10 ஸ்பீடு என்று போட்டிருப்பதை நம்பி வாங்கியவர் கடைக்காரரைத் திட்டிக்கொண்டிருப்பார்.

வேடிக்கை என்னவென்றால், ஷிமானோவின் 9 ஸ்பீடு மலை சைக்கிள் டீரெய்லர் அந்த 10 ஸ்பீடு ரோடு ஷிப்டரோடு ஒழுங்காக வேலை செய்யும். அதன் விகிதமும் 1.7. டீரெய்லருக்கு எண்ணத் தெரியாது. எத்தனை கியர் என்பது ஷிப்டருக்குள்ளும் கேசட்டிலும்தான் இருக்கிறது. கையிலுள்ள உதிரிகளைக் கலந்து சரளை சைக்கிள் பூட்டுகிறவர்கள் 9 ஸ்பீடு டீரெய்லரைத் தேடி அலைந்ததற்கு இதுதான் காரணம். வளைந்த ஹேண்டில்பாரில் ரோடு ஷிப்டர், பின்னால் பெரிய பல்சக்கரம் ஏறும் மலை சைக்கிள் டீரெய்லர், இரண்டும் ஒரே வண்டியில் வேண்டும். அமெரிக்காவில் கான்சாஸின் எம்போரியாவில் 2006இல் 34 பேரோடு சரளைப் பந்தயம் தொடங்கியபோது இதற்கென்று தனி உதிரி வரிசை கிடையாது. இன்று அன்பவுண்ட் என்று அழைக்கப்படும் பந்தயம் அது. சரளை சைக்கிளுக்கென்றே ஷிமானோ ஜிஆர்எக்ஸ் வரிசையை வெளியிட்டது 2019இல்தான். இடைப்பட்ட காலம் முழுக்க ஒட்டுப்போட்டு ஓட்டிய காலம்.

> இயற்பியலில் 'எந்திர லாபம்' என்ற சொல் இருக்கிறதே, இலங்கைப் பாடநூலில் 'பொறிமுறை நயம்'. புதிதாக எதற்கு?

ஐயா, 'பொறிமுறை நயம்' எனக்கு ரொம்பப் பிடித்த சொல். ஆனால் அது விசைகளின் விகிதம். நாம் பேசுவது தூரங்களின் விகிதம். ஒன்று ஏறினால் மற்றது இறங்கும். இரண்டையும் ஒரே பெயரில் கட்டினால் 1.7 நல்லது, 1.2 மட்டம் என்று யாராவது முடிவுகட்டிவிடுவார்கள். உண்மையில் விகிதத்தைக் குறைத்ததற்குக் காரணம் உண்டு. அதிக ஒயர் இழுத்துக் கொஞ்சமாக நகர்ந்தால், சேறு படிந்து ஒயரில் வரும் சின்னப் பிசகு டீரெய்லர் வரை பெரிதாகப் போய்ச் சேராது.

'நகர்வு விகிதம்' என்பதில் இன்னொரு வசதியும் இருக்கிறது. வகுத்தலில் மேலே எது, கீழே எது என்பதைச் சொல்லே சொல்லிவிடுகிறது. நகர்வு மேலே, ஒயர் கீழே. சிலர் இதைத் தலைகீழாகவும் எழுதுகிறார்கள், படிப்பவருக்குத் தலை சுற்றும். போதாக்குறைக்கு ஷிமானோவின் பழைய முறையை 2:1 என்றும் அதன் போட்டி நிறுவனமான ஸ்ராமின் முறையை 1:1 என்றும் அழைப்பார்கள். அவை வெறும் அடையாளப் பெயர்கள். அளந்தால் 1.7, 1.1 என்றுதான் வரும். கலைச்சொல் பட்டியலில் அந்தப் பெயர்களைத் தொடவே வேண்டாம் என்பது என் கருத்து.

> 'சொடுக்கு' என்றால் கணினியில் மவுஸ் கிளிக் ஆயிற்றே?

ஆமாம், இருந்துவிட்டுப் போகட்டும். விரலால் சொடுக்குவது அதற்கு முந்தியது. ஷிப்டரும் அந்தச் சத்தத்தைத்தான் போடுகிறது. 'அழுத்து' என்று மாற்றினால் பிரேக்கோடு குழம்பும்.

பிரேக் என்றதும் நினைவுக்கு வருகிறது: இதே தொல்லை அங்கேயும் உண்டு, அங்கே ஆபத்தும் சேர்த்து. வளைந்த ஹேண்டில்பார் லீவர்கள் குறைவாக ஒயர் இழுப்பவை. வி-பிரேக்கும் மலை சைக்கிளின் ஒயர் டிஸ்க் பிரேக்கும் அதிக இழுப்பு கேட்பவை. மாற்றிப் பூட்டினால் ஒரு பக்கம் லீவர் பாரில் போய் இடிக்கும், வண்டி நிற்காது. இன்னொரு பக்கம் லீவர் கல் மாதிரி இறுகியிருக்கும், அப்போதும் வண்டி சரியாக நிற்காது. டிஆர்பி நிறுவனம் ஸ்பயர், ஸ்பைக் என்று டிஸ்க்கைக் கவ்வும் காலிப்பர் இரண்டைத் தனித்தனியாக விற்பது இதற்காகத்தான். இங்கே 'இழுப்பு' பொருத்தமான சொல், இழுப்பது லீவர்தானே. 'குறு இழுப்பு', 'நெடு இழுப்பு' என்று வைத்துக்கொள்ளலாம். 'குட்டை', 'நெட்டை' என்று நம் நண்பர் எழுதியதைப் பார்த்துச் சிரிப்பு வந்தது. மெக்கானிக்கிடம் சொல்ல அதுவே போதும்தான், ஆனால் அகராதியில் ஏற்ற மனம் வரவில்லை.

கலப்பு உதிரிகளுக்கு நடுவே ஒயரில் பூட்டும் சின்னக் கப்பி ஒன்று வருகிறது. வுல்ஃப் டூத் நிறுவனம் அதை டேன்பேன் என்று விற்கிறது. ரோடு ஷிப்டர் இழுக்கும் குறைந்த நீளத்தை மலை சைக்கிள் டீரெய்லர் கேட்கும் நீளமாக்கித் தரும். மேலே சொன்ன 2.3, அந்தப் பக்கம் சுமார் 3.4 ஆக வேண்டும். இதற்கு 'இழுப்பு மாற்றி'. விகிதத்தை அது தொடுவதில்லை, எனவே 'விகித மாற்றி' என்று எழுத வேண்டாம்.

ஒட்டி எழுதுவதா பிரித்து எழுதுவதா என்ற கேள்விக்கு: பிரித்தே எழுதுவோம். 'சொடுக்கிழுப்பு' கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் இணையத்தில் தேடுகிறவர் 'இழுப்பு' என்று தட்டினால் அகப்படாது. 'நகர்வு விகித'த்துக்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள், மறுப்போடு மாற்றுச் சொல்லையும் சேர்த்து அனுப்புங்கள். 'அடுக்கு இடைவெளி'யில் எனக்கே முழுத் திருப்தி இல்லை. பல்சக்கரங்களுக்கு நடுவில் இருக்கும் வெற்றிடத்தை மட்டும் குறிப்பதாக யாரும் எடுத்துக்கொள்ளாத சொல் கிடைத்தால் உடனே மாற்றிவிடலாம்.