தேர்தல் கணிதத்துக்கு யாரைக் கொண்டாடுவது: கொந்தோர்சேயா, போர்தாவா?

கணக்குப்பிள்ளை:
பிரெஞ்சுப் புரட்சியின் 200-ஆம் ஆண்டில், 1989 டிசம்பரில், பிரெஞ்சுக் கணித அறிஞரும் சிந்தனையாளருமான கொந்தோர்சேயை, நாட்டின் பெரியோர்களுக்கான நினைவிடமான பாரிஸ் பாந்தெயோனில் சேர்த்தார்கள். 1794-இல் சிறையில் இறந்தவரின் உடல் கிடைக்காததால் வெறும் பெட்டிதான் உள்ளே போனது. பெண்ணுரிமைக்கும் அடிமை ஒழிப்புக்கும் எழுதியவருக்கு அந்த மரியாதை தகும், அதில் சண்டை இல்லை. ஆனால் வாக்கெடுப்புக் கோட்பாட்டின் தந்தை என்றும் அவரையே தூக்கிப்பிடிப்பது, அவர் காலத்து இன்னொரு பிரெஞ்சுக் கணித அறிஞரான போர்தாவுக்குச் செய்யும் அநியாயம். வாக்கெடுப்பு பற்றிய கொந்தோர்சேயின் நூல் வந்தது 1785-இல். போர்தா 1770-லேயே பாரிஸ் அறிவியல் கழகத்தில் இதைப் பேசிவிட்டார்.

போர்தாவின் கணக்கைப் பாருங்கள். 21 வாக்காளர்கள். 8 பேரின் முதல் விருப்பம் அ, 7 பேருக்கு ஆ, 6 பேருக்கு இ. அதிக வாக்கு என்று பார்த்தால் அ ஜெயித்தாச்சு, ஆனால் மீதி 13 பேருக்கும் அவர்தான் கடைசி! அ-வுக்குப் போட்ட 8 பேரில் 7 பேருக்கு இரண்டாவது விருப்பம் இ, ஒருவருக்கு ஆ. விருப்ப வரிசைக்கு 3, 2, 1 என்று மதிப்பெண் போட்டால் அ 37, ஆ 42, இ 47; ஜெயிப்பவர் இ.

வெண்ணிலா:
அதே 21 பேரின் வாக்கை வைத்து, கொந்தோர்சே வழியில் வேட்பாளர்களை இருவர் இருவராக மோதவிட்டாலும் இ-தான் ஜெயிக்கிறார், இரண்டு மோதலிலும் 13-க்கு 8. அதனால் இந்தக் கணக்கு யாருக்கும் சாட்சி ஆகாது. போர்தா முறையில் பலமான எதிராளியை வேண்டுமென்றே கடைசியில் எழுதிக் கவிழ்த்துவிடலாம். இதைக் கேட்டதற்கு, தன் முறை நேர்மையானவர்களுக்கானது என்று அவர் சொன்னதாகச் செய்தி உண்டு. எல்லோரும் நேர்மையாகவே இருந்துவிட்டால் விதிகளைப் பற்றி இவ்வளவு கவலைப்பட வேண்டியதே இல்லையே.

கணக்குப்பிள்ளை:
கொந்தோர்சே வழியில் சில சமயம் வெற்றியாளரே கிடையாது. அ ஆ-வை வெல்வார், ஆ இ-யை வெல்வார், இ திரும்ப அ-வை வெல்வார். காலியிடத்தை நிரப்ப உட்கார்ந்தவர்கள் இதை வைத்து என்ன செய்வார்கள்? கழகமே தன் உறுப்பினர் தேர்வுக்குப் போர்தா முறையைத்தான் எடுத்துக்கொண்டது.

சேரலாதன்:
யார் முதலில் என்று போனால் இருவருமே இல்லைங்க. ஜோடி ஜோடியாக ஒப்பிடும் முறையைக் கத்தலோனியச் சிந்தனையாளர் ரமோன் யூல் 1299-இல் எழுதிவிட்டார். மதிப்பெண் முறை ஜெர்மானியச் சமய அறிஞர் கூசாவின் நிக்கோலஸிடம் 1433-லேயே இருக்கிறது.

வெண்ணிலா:
அதனால்தான் நான் ஆண்டைப் பிடித்துத் தொங்கவில்லை. கணக்குப்பிள்ளை ஐயா குறை சொல்லும் அந்தச் சுழலைக் கண்டுபிடித்து வெளியிட்டவரே கொந்தோர்சேதான். தன் முறை எங்கே முட்டுகிறது என்று மறைக்காமல் எழுதினார். விருப்ப வரிசையை வைத்து நடக்கும் எந்த வாக்கு முறையாலும் நியாயமான நிபந்தனைகள் எல்லாவற்றையும் ஒருசேர நிறைவேற்ற முடியாது என்று 1951-இல் பொருளியலாளர் கென்னத் அரோ நிறுவிய சாத்தியமின்மைத் தேற்றத்துக்கு வேர் அந்தச் சுழலில்தான் இருக்கிறது. போர்தாவிடமிருந்து அப்படி ஒரு கேள்வி கிளம்பியதா, சொல்லுங்கள்.