பழைய தாஜ்மகால் படத்தின் காலத்தைக் கணிக்க உதவி தேவை

அனைவருக்கும் வணக்கம். பழைய புத்தகக் கடையொன்றில் கிடைத்த, ஆண்டோ எடுத்தவர் பெயரோ இல்லாத தாஜ்மகால் ஒளிப்படம் ஒன்றின் காலத்தைக் கணிக்க உங்கள் உதவியை நாடுகிறேன். பளிங்குக் கல்லறையின் அடிப்பகுதி முழுவதையும் மரங்கள் மறைத்து நிற்கின்றன. 1850களிலும் 1860களிலும் ஆக்ராவைப் படமெடுத்த மருத்துவர் ஜான் மரேயின் படங்களிலும் தோட்டம் இவ்வாறே அடர்ந்து காணப்படுகிறது. கர்சன் வைஸ்ராயாக இருந்த காலத்தில் (1899–1905) அம்மரங்கள் பெரிதும் குறைக்கப்பட்டுப் புல்வெளி அமைக்கப்பட்டதால், என் படம் அதற்கு முந்தியது என்றே கருதுகிறேன். (அந்தச் சோலையே இன்றைய வெளியைவிட அழகு என்பது என் எண்ணம்.) உடன் கிடைத்த மற்றொரு படத்தில் இருப்பது, ஷாஜகான் சிறைவைக்கப்பட்ட ஆக்ரா கோட்டையின் முசம்மன் புர்ஜ் என்னும் கோபுரம். தடித்த அட்டையில் ஒட்டப்பட்டுப் பழுப்பேறியிருக்கும் இவை முட்டை வெண்கரு பூசிய தாளில் அச்சிடப்பட்டவைதாமா என்பதைச் சேதமின்றிக் கண்டறியும் முறையை, அனுபவமுள்ளவர்கள் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.