ஒரே பாத்தியில் காராமணி இலையாகவே தழைக்கிறது, இட்லிப்பூ மஞ்சளாகிறது: இரண்டின் தேவைகளும் எங்கே பிரிகின்றன?

கேள்வி

வணக்கம். சுற்றுச்சுவரை ஒட்டி ஏறக்குறைய ஒரு மீட்டர் அகலத்தில் ஒரு பாத்தி வைத்திருக்கிறேன். சுவரோரமாக நான்கு இட்லிப்பூச் செடிகளை நட்டு இரண்டு ஆண்டுகள் ஆகின்றன. அவற்றுக்கு முன்னால், இரண்டு மாதங்களுக்கு முன்பு குத்துக் காராமணி விதைத்தேன். இரண்டுக்கும் ஒரே வெயில், ஒரே தண்ணீர், பதினைந்து நாளுக்கு ஒருமுறை ஒரே அளவு பிண்ணாக்குக் கரைசல்.

இட்லிப்பூவின் கொழுந்து இலைகள் வெளிர் மஞ்சளாகி, நரம்புகள் மட்டும் பச்சைக் கோடுகளாகத் தெரிகின்றன. அடியிலைகள் பச்சையாகவே இருக்கின்றன. சத்துப் போதவில்லை என்று எண்ணிக் கரைசலைக் கூட்டியதோடு, முட்டை ஓட்டுத் தூளும் சாம்பலும் போட்டுப் பார்த்தேன். இட்லிப்பூ தேறவில்லை. காராமணியோ அடர்ந்து தழைத்திருக்கிறதே தவிர, செடிக்கு நான்கைந்து காய்களுக்கு மேல் பிடிக்கவில்லை. இவ்விரண்டையும் ஒரே பாத்தியில் வளர்ப்பதே தவறா, அல்லது நான் கொடுப்பதில்தான் பிழையா?

முதல் பதில்

நீங்கள் இலையைக் கவனித்து எழுதியிருக்கும் விதத்திலேயே பாதி விடை இருக்கிறது. தழைச்சத்து (நைட்ரஜன்) குறைந்தால் செடி பழைய இலைகளிலிருந்து அதை உறிஞ்சிக் கொழுந்துக்கு அனுப்பிவிடும் என்பதால், முதலில் மஞ்சளாவது அடியிலைதான். இரும்புச்சத்து அப்படி இடம்பெயராது. அது கிடைக்காதபோது கொழுந்துதான் வெளுக்கும், நரம்பு மட்டும் பச்சையாக நிற்கும். உங்கள் இட்லிப்பூவில் இருப்பது பெரும்பாலும் இந்த இரண்டாவது வகை.

மண்ணில் இரும்பே இல்லை என்று இதற்குப் பொருளில்லை. இட்லிப்பூ அமிலத்தன்மையுள்ள மண்ணை நாடும் செடி. கார அமில நிலை (pH; 7 நடுநிலை, அதற்குக் கீழே அமிலம், மேலே காரம்) 5-க்கும் 6-க்கும் இடையில் இருந்தால் செழிக்கும். அளவு 7-ஐத் தாண்டியதும் மண்ணிலுள்ள இரும்பு நீரில் கரையாத வடிவத்துக்கு மாறிவிடுகிறது, வேரால் எடுக்க முடிவதில்லை. சுவரின் பூச்சிலிருந்தும் கட்டட இடிபாடுகளிலிருந்தும் சுண்ணாம்பு கசிந்து அந்தச் சுவரோர மண்ணைக் காரமாக்கியிருக்கும் என்று நினைக்கிறேன். முட்டை ஓடும் சாம்பலும் அதே திசையில்தான் வேலை செய்யும், ஆகவே அவற்றை இன்றோடு நிறுத்திவிடுங்கள். காராமணி சற்று அமில மண் முதல் சற்றுக் கார மண் வரை பொறுத்துக்கொள்ளும் என்பதால்தான் பக்கத்திலேயே பச்சையாக நிற்கிறது.

சுவரோரத்திலும் பாத்தியின் வெளி விளிம்பிலும் ஒரு கைப்பிடி மண் எடுத்து, உலர்த்தி, மேலே வினிகர் ஊற்றிப் பாருங்கள். நுரைத்தால் அங்கே சுண்ணாம்பு இருக்கிறது.

உடனடி நிவாரணமாக, ஒரு லிட்டர் நீரில் 5 கிராம் அன்னபேதியும் (இரும்பு சல்பேட் உப்பு) 1 கிராம் சிட்ரிக் அமிலமும் கரைத்து, மாலை நேரத்தில் இலை மீது தெளிக்கலாம். அன்னபேதியைக் கார மண்ணில் போட்டால் சில நாட்களிலேயே அதுவும் கரையாததாகிவிடும். மண்ணில்தான் இட வேண்டுமென்றால் இ.டி.டி.எச்.ஏ. (EDDHA) வகைக் கிலேட் இரும்புதான், அதாவது கரையும் நிலையிலேயே பிடித்துவைக்கும் சேர்மத்தோடு கட்டிய இரும்புதான், அங்கே தாக்குப்பிடிக்கும்.

இரண்டாவது பதில்

காராமணியைப் பற்றி நான் சொல்கிறேன். அதன் வேர் முடிச்சுகளில் குடியிருக்கும் ரைசோபியம் நுண்ணுயிரிகள் காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்துச் செடிக்குத் தருகின்றன. மண்ணிலேயே தழைச்சத்து தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு போடுவதைக் குறைத்துக்கொண்டு, இலையும் தண்டுமாக வளர்ந்து, பூப்பதைத் தள்ளிப்போடும். உங்களுக்கு நடந்திருப்பது அதுதான் என்பது என் கருத்து. விதைக்கும் முன் மக்கிய எரு இட்டால் போதும், பிண்ணாக்குக் கரைசல் தேவையே இல்லை.

ஒரு செடியைப் பிடுங்காமல் சுற்றிலும் மண்ணோடு தோண்டி எடுத்து, வேரை நீரில் அலசிப் பாருங்கள். முடிச்சை நகத்தால் கீறினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அந்த நிறம் இருந்தால் முடிச்சு வேலை செய்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் வேலை செய்யவில்லை. கூடவே இன்னொன்றையும் சோதியுங்கள். நல்ல முடிச்சு வேரின் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருக்கும், விரலால் தள்ளினால் உதிர்ந்துவிடும். வேரே வீங்கி, தள்ளினாலும் உதிராமல் இருந்தால் அது நூற்புழு, அதாவது மண்ணில் வாழ்ந்து வேரைத் துளைக்கும் நுண்ணிய புழு, தாக்கியதன் அடையாளம். நூற்புழு இட்லிப்பூவின் வேரையும் விடாது என்பதால், அப்படியிருந்தால் இரண்டையும் அடுத்தடுத்து வைத்திருப்பது உண்மையிலேயே தவறாகிவிடும்.

மூன்றாவது பதில்

தண்ணீரைப் பற்றி யாரும் சொல்லவில்லை. இட்லிப்பூ சீரான ஈரத்தை விரும்பும். காராமணிக்குக் காய்ச்சலும் பாய்ச்சலுமாக, அதாவது மேல்மண் காய்ந்தபின் தண்ணீர் விடுவதாக, இருந்தாலே போதும், பூக்கும்போதும் காய் பிடிக்கும்போதும் மட்டும் வாட விடக்கூடாது. எப்போதும் ஈரமாகவே இருந்தால் முடிச்சுகளுக்குக் காற்றுக் கிடைக்காது. உங்கள் தண்ணீர் பாத்திரத்தில் வெள்ளைப் படிவு விடும் கடினநீராக இருந்தால், ஒவ்வொரு முறை ஊற்றும்போதும் காரத்தைக் கூட்டிக்கொண்டிருக்கிறீர்கள். இட்லிப்பூவுக்காவது மழைநீரைச் சேமித்து ஊற்றுங்கள்.

இதைவிட எனக்குக் கவலை தருவது பூச்சிமருந்துதான். இட்லிப்பூவில் மாவுப்பூச்சியைக் கண்டதும், செடிக்குள் ஊடுருவிப் பரவும் மருந்தைப் பலர் வேரில் ஊற்றுகிறார்கள். அரை மீட்டர் தள்ளி நிற்கும் காராமணியின் வேரும் அதை உறிஞ்சும், அந்தக் காயை நீங்கள் சாப்பிடுவீர்கள். பாத்தியில் உண்ணும் செடி ஒன்று இருக்கும்வரை அலங்காரச் செடிக்கும் அந்த மருந்து வேண்டாம்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் நன்றி. சுவரோர மண் வினிகர் பட்டதும் நன்றாக நுரைத்தது, வெளி விளிம்பு மண் அசையவே இல்லை. காராமணி வேரில் முடிச்சுகள் மிகக் குறைவு. இருந்த சிலவும் கடுகளவில், உள்ளே வெள்ளையாக இருந்தன. எல்லாமே தள்ளியதும் உதிர்ந்துவிட்டதால் நூற்புழு இல்லை என்று எடுத்துக்கொள்கிறேன். கரைசலை நிறுத்திவிட்டேன். இட்லிப்பூவை மட்டும் பெரிய தொட்டிகளுக்கு மாற்றலாமா, அல்லது கந்தகத்தூள் இட்டுச் சுவரோர மண்ணையே திருத்தலாமா?

முதல் பதில் எழுதியவர்

தொட்டிக்கு மாற்றுங்கள். கந்தகத்தை மண்ணிலுள்ள நுண்ணுயிரிகள் அமிலமாக்கப் பல வாரங்கள் ஆகும், அதற்குள் சுவர் மேலும் சுண்ணாம்பைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். கிளைகளை மூன்றில் ஒரு பங்கு குறைத்து, முதல் நாள் நன்றாக நீர் விட்டு, வேர்ப்பந்து உடையாமல் அகலமாகத் தோண்டி எடுங்கள். இட்லிப்பூ கிளை நுனியில்தான் பூக்கும் என்பதால் இந்தக் கவாத்தினால் சில வாரங்கள் பூ இருக்காது, அதைக் கண்டு உரம் கூட்ட வேண்டாம். ஏற்கெனவே மஞ்சளான இலை முழுதாகத் திரும்பாமல் போகலாம். புதிதாக வரும் கொழுந்தின் நிறத்தைப் பாருங்கள். காராமணி முடிந்ததும் செடியைப் பிடுங்காமல் தரையோடு அறுத்து, வேரை மண்ணிலேயே மக்க விடுங்கள்.